வதிவுரிமையும் பம்பாய்த் தமிழரும்

தாராவியிற் பிறந்து, மாதுங்காவிற் கல்வி பயின்று, இன்று ஜெர்மனி நாட்டில் பொறியாளராகப் பணிபுரியும் நம்மவர் பிள்ளை ஒருவர், அந்நாட்டில் நிலையாகத் தங்கும் உரிமையை அண்மையிற் பெற்றார். இச்செய்தியைத் தொலைபேசி வாயிலாகக் கேட்ட அவர்தம் அன்னையார் முதலில் வினவியது, "எத்தனை காகிதம் கேட்டார்கள்?" என்பதேயாம்.

கூட இருந்தோர் நகைத்தனர். ஆயின் அவ்வினா நகைத்தற்குரியதன்று. அவ்வம்மையார் 1979-இல் மணமாகி வந்த நாள்தொட்டுத் தாராவியில் ஒரே வீட்டில் வாழ்ந்து வருகின்றார். அவ்வீட்டின் வாயிற்சுவரில் இப்பொழுது கணக்கெடுப்பாளர் எழுதிய எண் ஒன்று காணப்படுகின்றது. எந்த ஆண்டு முதல் இங்கு இருக்கின்றீர், அதற்குச் சான்று யாது என்று அவரைக் கேட்டுள்ளனர். வேற்று நாட்டில் மகனுக்குச் சில ஆண்டுகளிற் கிட்டிய உறுதி, சொந்த நாட்டில் அன்னைக்கு நாற்பத்தைந்து ஆண்டுகட்குப் பின்னும் கிட்டவில்லை. இவ்வேறுபாடு எங்ஙனம் நேர்ந்தது என்று நாம் ஆராயப் புகுந்தோம். அவ்வாராய்ச்சியில் பம்பாய்த் தமிழரின் நூறாண்டு வரலாறு, பெரும்பகுதியும் காகிதங்களின் வரலாறாகவே நம் முன் விரிந்தது.

முதற்கண் மகன் சென்ற நாட்டின் முறையைக் காண்போம். ஐரோப்பிய ஒன்றியம் 2003 நவம்பரில் வகுத்த நெறியொன்று, உறுப்பு நாடுகளுட் பெரும்பாலானவற்றில், ஐந்தாண்டுகள் இடையறாது சட்டப்படி வாழ்ந்த வேற்று நாட்டார்க்கு, நிலையான வருவாயும் நோய்க் காப்பீடும் உண்டெனின், நெடுங்கால வாழ்நர் என்னும் நிலையை அளிக்கின்றது. சுவிட்சர்லாந்தில் நம்மவர்க்கு அது பெரும்பாலும் பத்தாண்டாகும். ஜெர்மனியிலோ, நீல அட்டை பெற்று வந்த கற்றறிந்த பணியாளர், ஓய்வூதியக் கணக்கில் ஒழுங்காகப் பணம் செலுத்தி, அந்நாட்டு மொழியில் தொடக்க அறிவு பெற்றிருப்பின் 27 மாதங்களிலும், அதனினும் மேம்பட்ட தேர்ச்சி காட்டின் 21 மாதங்களிலும் உரிமை கோரலாம் என 2023-இற் சட்டம் திருத்தப்பெற்றது.

இவற்றுள் நம் கருத்தைக் கவர்ந்தவை இரண்டு. ஒன்று, விண்ணப்பிப்போர் தம் குடும்பத்திற்குப் போதிய வீட்டிடம் உடையவராயிருத்தல் வேண்டும் என்பது. ஆறு வயதிற்கு மேற்பட்டோர்க்கு ஆளுக்கு 12 சதுர மீட்டர், அஃதாவது ஏறத்தாழ 129 சதுர அடி, என்பது அலுவலகங்களின் வழக்கமான கணக்கு. அளவிற் சிறிய தாராவி வீடுகள் பலவற்றில் அத்துணை இடத்தில் ஒரு குடும்பம் முழுவதும் வாழ்ந்து பிள்ளைகளைப் படிக்க வைத்துள்ளது.

மற்றொன்று, அந்நாட்டில் ஒருவர் ஒரு வீட்டிற் குடிபுகுந்த இரண்டு வாரத்திற்குள் நகர அலுவலகத்திற்குச் சென்று தம் பெயரைப் பதிந்தாக வேண்டும் என்பது. குடிமகனாயினும் வேற்று நாட்டவராயினும் இவ்விதி ஒன்றே. வீட்டுக்காரரும் ஆமென்று எழுதித் தருதல் வேண்டும். ஆகவே, ஒருவர் எந்நாளில் வந்தார், எந்நாளில் வீடு மாறினார் என்பதெல்லாம் அரசினரின் ஏட்டிலேயே உள. பத்தாண்டு கழித்துச் சான்று வேண்டின், அவ்வேட்டைப் புரட்டி எடுத்துத் தருவர். நம் நாட்டில் அத்தகைய ஏடு எளியோர்க்கு இருந்ததில்லை. இங்கே அவ்வேடு ஏழையின் தகரப்பெட்டியாகும். பெட்டி கெட்டால் ஆண்டுகளும் கெட்டன.

சான்று காட்டும் சுமையை எளியோர் தலைமீது வைத்தால் என்னாகும் என்பதை நம் இனத்தார் இலங்கையில் ஏற்கெனவே கண்டனர். 1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தந்தையோ தந்தைவழி முன்னோரோ அத்தீவிற் பிறந்தமையைக் கேட்டது. தேயிலைத் தோட்டத்து லயன் அறைகளில் நிகழ்ந்த பிறப்புகளுக்குப் பதிவு ஏது? 1949-இல் வந்த மற்றொரு சட்டம், மணமானோர் ஏழாண்டும் மணமாகாதோர் பத்தாண்டும் தொடர்ந்து அங்கு வாழ்ந்தமைக்குச் சான்று கேட்டது. ஊர்த் திருவிழாவிற்கும் இறப்பிற்கும் தமிழகம் வந்து நெடுநாள் தங்கியோர்க்கு அத்தொடர்ச்சி அறுந்தது. எட்டு லட்சத்திற்கு மேற்பட்டோர் பொருட்டு விண்ணப்பங்கள் சென்றன. அச்சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்றோர் ஏறத்தாழ 1 லட்சத்து 34 ஆயிரம் பேரே. எஞ்சியோரின் கதை 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் வரை நீண்டு, அதன் பின்னரும் தொடர்ந்தது.

பம்பாய் வேற்று நாடன்று. இந்திய அரசியலமைப்பின் 19-ஆம் பிரிவு, நாட்டின் எப்பகுதியிலும் தங்கி வாழும் உரிமையைக் குடிமக்கள் யாவர்க்கும் வழங்கியுள்ளது. ஏட்டளவில் இதற்கு மேல் ஒன்றும் வேண்டா. புகார் நகரில் யவனர்க்கு இருக்கைகள் இருந்தன எனச் சிலப்பதிகாரம் கூறுமே, அவர்களிடம் எவரேனும் கட்-ஆஃப் தேதி கேட்டனரோ என்று நம் நண்பர் ஒருவர் வேடிக்கையாக வினவுவார். விடை நாம் அறியோம். பம்பாய்க்கு வந்த தமிழரிடம் கேட்டனர் என்பதை மட்டும் அறிவோம்.

1871-இல் ரெய்ச்சூரில் சென்னை இருப்புப்பாதையும் பம்பாய் இருப்புப்பாதையும் ஒன்று கூடின. அதன்பின் பஞ்சத்தினாலும் சாதிக் கொடுமையினாலும் ஊரைத் துறந்தோர்க்கு வழி திறந்தது. அந்நூற்றாண்டின் இறுதியில் தோல் பதனிடும் தொழில் நகரின் எல்லைக்கு வெளியே, கோலி மீனவர் வாழ்ந்த தாராவிச் சதுப்பின் ஓரத்திற்கு வந்து சேர்ந்தது. அத்தொழிலை நாடித் தமிழ் முஸ்லிம் வணிகரும், திருநெல்வேலிச் சீமையிலிருந்து ஆதிதிராவிட உழைப்பாளரும் வந்தனர். 1887-இல் தோன்றிய பெரிய பள்ளிவாசலும், 1913-இல் எழுந்த பிள்ளையார் கோயிலும் அவ்வட்டாரத்தின் பழமைக்கு இன்றும் கண்கூடான சான்றுகள். சேற்றின்மேல் குப்பையும் மண்ணும் கொட்டி, மிதித்துக் கெட்டிப்படுத்தி, அதன்மேற் குடிசை போட்டவர் அம்மக்கள். நிலத்தையே ஆக்கியவர்க்கு அந்நிலத்தில் உரிமைச் சீட்டு எழுதித் தர எவருமில்லை. அந்நாளில் அவர்களும் அதனைக் கேட்டிலர். மழைக்கு முன் ஊர் திரும்பிவிடலாம் என்பதே பலருடைய எண்ணமாயிருந்தது.

தாராவிக்கு அணித்தேயுள்ள மாதுங்காவின் வரலாறு வேறு. 1896-இல் வந்த கொள்ளைநோயின் பின், 1898-இல் அமைந்த நகர மேம்பாட்டுப் பொறுப்பாட்சி, தாதர்-மாதுங்காப் பகுதியில் அகன்ற தெருக்களை வகுத்தது. தஞ்சையினின்றும் பாலக்காட்டினின்றும் தட்டெழுத்தும் சுருக்கெழுத்தும் கற்று வந்த எழுத்தர்கள் அங்கே வாடகைக்கு அமர்ந்தனர். 1932-இல் தென்னிந்தியக் கல்விக் கழகம் தோன்றிற்று; 1952-இல் சண்முகானந்த சபை உருவாயிற்று. இவர்கட்கு ஊரில் வேரூன்ற உதவிய காகிதம் வாடகை ரசீதாகும். 1947-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், வாடகையை 1940 செப்டம்பர் 1-ஆம் நாளின் அளவோடு பிணைத்தது. குடியிருப்பவரை எளிதில் வெளியேற்ற இயலாதவாறு காத்தது. அவர் இறப்பின் உடன் வாழ்ந்த குடும்பத்தார்க்கு அக்குடியிருப்பு சென்று சேரவும் வழி செய்தது. மாதுங்காவில் மூன்றாம் தலைமுறை இன்றும் பாட்டனார் பெயரிலமைந்த வீட்டிற் காபி அருந்துகின்றதெனின், அதற்குச் சட்டமும் ஒரு காரணம், ரசீதுகளைக் கம்பியிற் கோத்து வைத்த பாட்டியும் ஒரு காரணம்.

இரு பகுதியார்க்கும் பொதுவாய் வந்த முதற் காகிதம் பங்கீட்டு அட்டை. இரண்டாம் உலகப் போரின்போது, 1943-இல், பம்பாயில் உணவுப் பங்கீடு தொடங்கிற்று. அரிசிக்காக அளித்த அட்டை அது. ஆயின் அதில் குடும்பத் தலைவர் பெயர், உறுப்பினர் தொகை, முகவரி யாவும் இருந்தமையால், காலப்போக்கில் அதுவே ஏழையின் குடியுரிமைப் பட்டயமாயிற்று. அரிசி வாங்காத வீட்டிலும் அட்டையைப் புதுப்பிக்கத் தவறியதில்லை.

1966 ஜூன் 19 அன்று சிவசேனை தோன்றியபொழுது, தென்னிந்தியர் பலர்க்கு முதன்முறையாக ஓர் ஐயம் எழுந்தது: இவ்வூரில் நாம் யார்? அலுவலகங்களிற் பணிபுரியும் தென்னாட்டார் பெயர்கள் 'மார்மிக்' இதழிற் பட்டியலாக வெளிவந்தன. உணவு விடுதிகள் தாக்கப்பெற்றன. அக்காலத்துக் கசப்பை விரித்துரைத்தல் ஈண்டு நம் நோக்கமன்று. நாம் காட்ட விரும்புவது வேறு. வேலைவாய்ப்பில் மண்ணின் மைந்தர்க்கே முதலிடம் என்னும் முழக்கத்தை ஏற்று, உள்ளூரார் யாவர் என்பதற்கு மாநில அரசினர் இலக்கணம் வகுக்க நேர்ந்தபோது, தாய்மொழியை அளவுகோலாகக் கொள்ளாது, பதினைந்து ஆண்டு வாழ்க்கையைக் கொண்டனர். மராத்தி மொழியார் ஒருவர் புதிதாய் வந்திருப்பின் உள்ளூராராகார். பதினைந்தாண்டு வாழ்ந்த திருநெல்வேலியார் உள்ளூராராவார். இதனை நாம் பெரும் நன்மையாகவே கருதுகின்றோம். ஐரோப்பிய நாடுகளும் ஆண்டுகளையே எண்ணுகின்றன அல்லவா? அன்றுதொட்டு வதிவுச் சான்றிதழ், அஃதாவது மக்கள் வழக்கில் டொமிசைல், நம் பிள்ளைகளின் கல்லூரிச் சேர்க்கைக்கு இன்றியமையாததாயிற்று. அதனை வாங்க மீண்டும் பங்கீட்டு அட்டை, மின்கட்டணச் சீட்டு, பள்ளி விடுகைச் சான்று.

இந்தியர்க்கு இந்தியா முழுவதும் ஒரே வதிவுரிமைதான், மாநிலந்தோறும் தனி வதிவுரிமை இல்லை என உச்சநீதிமன்றம் 1984-இல் பிரதீப் ஜெயின் வழக்கிற் கூறிற்று. மருத்துவ மேற்படிப்பில் வதிவு நோக்கி இடம் ஒதுக்குதல் செல்லாதென 2025 ஜனவரியில் மீண்டும் தீர்ப்பளித்தது. ஆயினும் இளநிலைப் படிப்பிலும் பிறவற்றிலும் டொமிசைலுக்கான வரிசை குறைந்தபாடில்லை.

செம்பூர்ப் பக்கத்தின் வரலாற்றைக் கூறாது மேற்செல்லல் தகாது. டிராம்பேயில் அணு ஆராய்ச்சி நிலையத்தின் அருகே ஜனதா காலனி என்றொரு குடியிருப்பு இருந்தது. நகரின் பிற பகுதிகளினின்று அகற்றப்பெற்றோர் அமர்ந்த இடம் அது; எழுபதாயிரம் பேர் வாழ்ந்ததாகக் கூறுவர்; தமிழர் மிகுதி. கோலார் தங்கவயலிற் பிறந்து, இளமையிற் பம்பாய்க்குத் தச்சு வேலைக்கு வந்த ஜோக்கின் அற்புதம் அவ்விடத்திலேயே பொதுவாழ்வில் இறங்கினார். குப்பையை அள்ளாத மாநகராட்சி அலுவலகத்தின் வாயிலிற் சிறுவர்களைக் கொண்டு அக்குப்பையையே கொட்டச் செய்த குறும்பர் அவர். காலனியைக் காக்க நீதிமன்றம் வரை சென்றும், நெருக்கடி நிலைக் காலத்தில், 1976 மே மாதத்தில் அது இடிக்கப்பெற்றது. மக்கள் சீத்தா கேம்ப் என்னும் சதுப்பிற்குக் கொண்டுசெல்லப்பெற்றனர்.

அவ்வாண்டின் தொடக்கத்திலேயே, ஜனவரி 4 அன்று, பம்பாய்க் குடிசைகள் யாவும் ஒரே நாளிற் கணக்கெடுக்கப்பெற்றன. கணக்கிற் சேர்ந்தோர்க்குக் குடும்பத்தின் நிழற்படம் ஒட்டிய அட்டை வழங்கினர். போட்டோபாஸ் என்னும் சொல் அன்று நம் தமிழிற் புகுந்தது. அந்நாளில் ஊருக்குச் சென்றிருந்தோரும், வேலைக்குச் சென்று வீடு பூட்டியிருந்தோரும் கணக்கிற் சேராது போயினர். பொங்கலுக்குப் பத்து நாள் முன்னர் அக்கணக்கு நிகழ்ந்தது என்பதை எண்ணுங்கால், நம்மவருள் எத்துணைப் பேர் மூட்டை கட்டி ரயிலில் இருந்திருப்பரோ என்று உள்ளம் வருந்துகின்றது.

காகிதமில்லார் நிலையை 1981 உலகறியச் செய்தது. நடைபாதையில் வாழ்வோர் அகற்றப்பெற்று அவரவர் ஊர்களுக்கு அனுப்பப்பெறுவர் என அவ்வாண்டு ஜூலை 13 அன்று முதலமைச்சர் அந்துலே அறிவித்தார். வேற்று நாட்டவரை வெளியேற்றும்போது வழங்கும் நாடுகடத்தல் என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல்லையே அவ்வழக்கின் ஆவணங்களிற் காணலாம். கொட்டும் மழையில் குடிசைகள் பிரிக்கப்பெற்றன. மக்கள் அரசுப் பேருந்துகளில் ஏற்றப்பெற்றனர். வழியில் இரு குழந்தைகள் பிறந்தன, இரு குழந்தைகள் இறந்தன என மனுவிற் கூறப்பெற்றுள்ளது.

உச்சநீதிமன்றம் சென்ற அவ்வழக்கை ஓல்கா டெல்லிஸ் வழக்கு என்பர். அவர் இதழாளர். அவருடன் மனுச் செய்த நடைபாதைவாசிகளுள் ஒருவர் நம் சேலத்தார் என்பதைப் பலர் அறியார். நிலமற்ற உழவுத் தொழிலாளியாகிய அவர், வறட்சியினால் 1961-இற் பம்பாய் வந்தார். தஹிசரில் ஒரு ரசாயன ஆலையில் நாட்கூலி 23 ரூபாய். மேற்கு விரைவுச் சாலையின் நடைபாதையில் பிளாஸ்டிக் தாளும் கித்தானும் கொண்டு அமைத்த கூரைக்கு, வட்டார முரடன் ஒருவன் அவரிடம் பறித்த தொகை 2,500 ரூபாய். நூறு நாள் கூலிக்கும் மேல்! இலவசமாக நிலத்தைப் பற்றிக்கொண்டவர் என்று எளியோரை ஏசுவோர் இக்கணக்கைப் போட்டுப் பார்த்தல் நன்று. அவ்வழக்கின் மற்றொரு பகுதி, வீலே பார்லேயில் அதே சாலையோரம் 1960-61 அளவில் எழுந்த, ஏறத்தாழ 500 குடிசைகள் கொண்ட காமராஜ் நகர் பற்றியது. பெயரைக் கேட்ட அளவிலேயே நம்மவர் நினைவு வரும். சாலையோரம் தண்ணீர்க் குழாய் பதிக்க வந்த தொழிலாளர் அமைத்த ஊர் அது.

1985 ஜூலை 10 அன்று தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையில் ஐவர் ஆயம் தீர்ப்பளித்தது. வாழும் உரிமையில் பிழைப்பிற்கான உரிமையும் அடங்கும் என்பது அத்தீர்ப்பின் புகழ்பெற்ற பகுதி. நாட்டின் சட்டக் கல்லூரிகளில் அதனைப் பயிலாதார் இலர். மற்றைப் பகுதியை மாணவர் விரைந்து கடப்பர். குடிசைவாசிகள் கடக்க இயலவில்லை. முறைப்படி அறிவிப்புக் கொடுத்து நடைபாதையினரை அகற்றலாம். 1976-ஆம் ஆண்டு அட்டை உடையோர்க்கு மட்டும் மாற்றிடம் தருதல் வேண்டும். இருபதாண்டு நிலைத்து மேம்பாடு கண்ட குடிசைப் பகுதிகளைப் பொதுத் தேவையின்றி அகற்றலாகாது. மழைக்காலம் முடியும்வரை, அக்டோபர் 31 வரை, எவரையும் அகற்றலாகாது. பிழைப்புரிமை யாவர்க்கும், வீடு அட்டை உடையார்க்கு.

இதன் பின்னரே ஜோக்கின் அற்புதமும் அவர்தம் தோழமை அமைப்புகளும் மேற்கொண்ட பணி சிறப்புப் பெறுகின்றது. ஸ்பார்க் என்னும் நிறுவனத்தார் 1985-இல் நடைபாதைக் குடும்பங்களைத் தாமே கணக்கெடுத்து வெளியிட்டனர். அரசினரின் ஏட்டில் நாம் இல்லையெனின் நாமே ஏடு எழுதுவோம் என்னும் துணிவு அது. குடிசைப் பெண்கள் தெருத்தெருவாகச் சென்று வீட்டிற்கு எண்ணிட்டு, வந்த ஆண்டைக் குறித்து, வரைபடம் இட்டனர். இம்முறை பின்னர் ஆப்பிரிக்க நாடுகள் வரை பரவிற்று. அற்புதம் 2000-இல் மகசேசே விருதும் 2011-இல் பத்மஸ்ரீயும் பெற்று, 2018-இல் மறைந்தார்.

அரசினர் வரம்பு நாளோ நகர்ந்துகொண்டே வந்தது. 1976 என்றிருந்தது 1980 ஆயிற்று, பின் 1985, அதன்பின் 1990. 1995-இல் குடிசைப் புனரமைப்பு ஆணையம் அமைந்தபொழுது 1995 ஜனவரி 1 ஆயிற்று. 2014-இல் 2000 ஜனவரி 1 ஆயிற்று. 2011 ஜனவரி 1-க்கு முன் வந்தோர்க்குப் பணம் பெற்று வீடு தரவும் பின்னர் வழி செய்யப்பெற்றது. தேர்தல்தோறும் நாள் நகர்ந்தது என்று குறை கூறுவோர் உளர். நகர்ந்திராவிடின் எத்துணைக் குடும்பங்கள் தெருவில் நின்றிருக்கும் என்று அவர் கூறுவதில்லை. வழங்கும் வீட்டின் அளவும் 225 சதுர அடியிற் தொடங்கி 269, 300 என உயர்ந்தது. ஜெர்மானிய அலுவலரின் கணக்கின்படி 225 சதுர அடி இருவர்க்கே போதாது.

இந்நாட்களுள் எல்லாம் கொடியது 1950 ஆகஸ்ட் 10. பட்டியல் சாதியினர் பற்றிய குடியரசுத் தலைவர் ஆணையின் நாள் அது. பம்பாய் மருத்துவக் கல்லூரி ஒன்றில் இடம் கோரி எழுந்த வழக்கில், ஒரு மாநிலத்திற் பட்டியலிற் சேர்ந்தோர் மற்றொரு மாநிலத்திற்குக் குடிபெயர்ந்தால் அச்சலுகை உடன் வாராது என 1990-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனவே, மகாராஷ்டிரத்தில் அச்சான்றிதழ் வேண்டுவோர், தம் முன்னோர் அந்நாளுக்கு முன்னரே இங்கு வாழ்ந்தமையைக் காட்டுதல் வேண்டும். தோற்கிடங்கில் உழைத்த பாட்டனார் 1930-இல் வந்திருப்பார். அவர் பெயரை எவர் எழுதி வைத்தனர்? திருநெல்வேலியிற் சாதி அவரை விட்டுவைக்கவில்லை, தாராவியிலும் விட்டுவைக்கவில்லை, சலுகை கேட்கும்போது மட்டும் அச்சாதி எல்லைக்கு அப்பாலேயே நின்றுவிடுகின்றது. மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியின் பழைய சேர்க்கைப் பதிவேட்டில் தந்தையின் பெயர் கிடைத்துக் கரையேறிய குடும்பங்களும் உள.

பெயர் என்றதும் மற்றோர் இடரைக் கூறுதல் வேண்டும். நமக்குத் தந்தை பெயரின் முதலெழுத்து உண்டு, குடும்பப்பெயர் இல்லை. இங்கோ தன் பெயர், தந்தை அல்லது கணவன் பெயர், குடும்பப்பெயர் என மூன்று கட்டங்கள். மூன்றாம் கட்டத்தில் ஊர்ப் பெயரை எழுதியோரும், சாதிப் பெயரை எழுதியோரும், ஒன்றும் எழுதாதோரும் உண்டு. இசக்கியம்மாள் ஓர் ஏட்டில் ஏசக்கி அம்மா. மற்றோர் ஏட்டில் இஷாகி அமல். நம் ழகரம் நாகரி எழுத்தில் ளகரமாய்விடும். ஆங்கிலத்தில் எவ்வாறும் ஆகும். ஆள் ஒருவரே, காகிதத்தில் மூவர். ஜெர்மனி சென்ற பிள்ளைக்கும் கடவுச்சீட்டிற் குடும்பப்பெயர்க் கட்டம் வெறுமையாய் இருந்தமையால், அங்கே முதன்முறை பதிவு செய்யும்போது இதே தொல்லை நேர்ந்தது. ஓர் அலுவலர் அமர்ந்து பேசி அரைமணி நேரத்தில் தீர்த்துவைத்தாராம்.

இனி, அவ்வன்னையாரின் வீட்டிற்கு மீள்வோம். 2022-இல் தாராவி மறுசீரமைப்பிற்கான ஒப்பந்தப்புள்ளி அதானி குழுமத்திற்குக் கிட்டியது. 2024 மார்ச்சில் கமலா ராமன் நகரில் வீட்டுக் கணக்கெடுப்புத் தொடங்கிற்று. அறிவிக்கப்பெற்ற விதிகளின்படி, 2000 ஜனவரி 1-க்கு முன்னர்த் தரைத்தளத்தில் வாழ்ந்தமைக்குச் சான்று உடையோர்க்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு. அதற்குப்பின் 2011 ஜனவரி 1 வரை வந்தோர்க்கு, இரண்டரை லட்சம் ரூபாய் செலுத்தினால், தாராவிக்கு வெளியே 300 சதுர அடி. அதற்கும் பின்னர் 2022 நவம்பர் 15 வரை வந்தோர்க்கும், மேல்தளங்களில் வாழ்வோர்க்கும், வாடகைத் தவணை முறையில் வெளியே வீடு.

அம்மையாரின் வீடு கீழே ஓர் அறை, இரும்பு ஏணியின் மேலே ஓர் அறை. கீழே அவர், மேலே இளைய மகனும் மருமகளும் இரு பேரப்பிள்ளைகளும். சமையல் ஒன்று, மின்கட்டணச் சீட்டு ஒன்று, குடும்பமும் ஒன்றே. விதியின்முன் அது இரண்டாகின்றது. கீழறைக்குத் தாராவியில் இடம். மேலறைக்கு எங்கோ வெளியில். பேரப்பிள்ளைகள் பயிலும் பள்ளியோ நடந்து செல்லும் தொலைவில் உள்ளது.

தகரப்பெட்டியை நமக்குத் திறந்து காட்டினார். மாமனார் முத்திரைத்தாளில் எழுதி வாங்கிய வீட்டுப் பத்திரம், போட்டோபாஸ், பங்கீட்டு அட்டைகள் மூன்று, 1995-ஆம் ஆண்டு வாக்காளர் பட்டியலின் படி, பெஸ்ட் நிறுவனத்தின் பழைய மின்சீட்டுகள். சில தாள்களிற் பழுப்பு நீர்க்கோடு படிந்திருந்தது. 2005 ஜூலை 26 அன்று 944 மில்லிமீட்டர் மழை பெய்த நாளில் நீர் வீட்டினுட் புகுந்தபோது, அவர் முதலில் ஏணியின் மேலே ஏற்றியது இப்பெட்டியைத்தான். அரிசிப் பானையை அடுத்த முறையே ஏற்றினார். 1992 டிசம்பர்க் கலவரத்திலும் அவர் பிள்ளைகளை ஒரு கையிலும் இப்பெட்டியை மறுகையிலும் கொண்டு வெளியேறியதாக அண்டை வீட்டார் கூறினர்.

இத்துணை இருந்தும் ஒரு சிக்கல். போட்டோபாஸ் மாமனார் பெயரில் உள்ளது. பங்கீட்டு அட்டையில் கணவரின் பெயர் ஓர் எழுத்து மாறியுள்ளது. வாக்காளர் பட்டியலில் மற்றோர் எழுத்து மாறியுள்ளது. கணவரோ 2011-இற் காலமானார். மாமனாரின் மகனும், அட்டையிலுள்ளவரும், பட்டியலிலுள்ளவரும் ஒருவரே என்று காட்டுதல் வேண்டும். அதற்காக உறுதிமொழிப் பத்திரம் ஒன்று எழுதி, நோட்டரியின் முத்திரை பெற்று, உரிய இடத்திற் கொடுத்துள்ளார். ஊரிலுள்ள தொடக்கப்பள்ளியின் பதிவேட்டிற் கணவரின் பெயர் எவ்வாறு எழுதப்பெற்றுள்ளது என்று பார்த்து வர, இளைய மகன் சென்ற வாரம் திருநெல்வேலி வண்டி ஏறினார். தகுதிப் பட்டியலில், மக்கள் அனெக்சர் இரண்டு என்று வழங்கும் அப்பட்டியலில், அவ்வீட்டு எண்ணுக்கு எதிரே இன்னும் முடிவு எழுதப்பெறவில்லை.